சந்தனம் பூசிய ஃப்ளாப்பி

விஜயதசமி காலை. மணி எட்டு இருக்கும். பூஜைத் தட்டிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் தள்ளிச் சுவிட்சைப் போட்டேன். 'கர்ர்ர்... கர்ர்ர்...' என்று தேங்காய் துருவுவது போல ஒரு சத்தம். திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் தேங்காய்தான்.

ஃப்ளாப்பியை வெளியே எடுத்துப் பார்த்தேன். மேலுறையில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அதில் தப்பில்லை. ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்கிற கத்தரிக்கோல், தையல் மிஷின், சைக்கிள் வரைக்கும் பொட்டு வைப்பது வழக்கம்தான். ஆனால் என்னவோ தோன்றி, ஃப்ளாப்பியின் ஓரத்திலிருக்கும் தகரக் கதவை நகர்த்தினேன். உள்ளே அந்தப் பழுப்பு வட்டத்தின் மேல் இன்னொரு பொட்டு இருந்தது. கம்ப்யூட்டர் அதைச் சுற்றிச் சுற்றி இழுத்ததில் குங்குமம் வட்டம் முழுக்கக் கோடு போட்டிருந்தது.

"அண்ணே!" என்று நான் கத்திய கத்தலில் அடுப்படியில் அண்ணி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

பத்து மணிக்கு அண்ணன் வேலை பார்க்கும் அச்சகத்து முதலாளி எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இந்தக் கம்ப்யூட்டரில் அண்ணன் மெய்ப்புப் பார்த்துக் காட்டினால் வேலை நிலைக்கும். காட்டாவிட்டால் அவர் மேசையில் மறுநாள் வேறொருவர் உட்காருவார்.

புகை வந்த வருஷம்

'எத்தனை வாரமாக உங்கள் வாயைப் பற்றியே எழுதுகிறீர்கள், உங்கள் அண்ணன் பேசவே மாட்டாரா?' என்று ஒரு வாசகி இந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கேட்டு எழுதியிருந்தார். அதெல்லாம் பேசுவாரம்மா. நான்தான் விடுவதில்லை.

அண்ணன் கணேசனுக்குக் கிள்ளானில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. தமிழ்ப் பள்ளிகளுக்கான பயிற்சிப் புத்தகம், கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவர் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். வீட்டிலும் அந்தப் பேனா சும்மா இருக்காது. நான் எழுதி வைக்கும் பாசார் சாமான் பட்டியலைக்கூடத் திருத்தித்தான் திருப்பிக் கொடுப்பார். காய்கறிக்காரருக்குப் பிழையில்லாத பட்டியல் எதற்கு என்று நான் சண்டை பிடிப்பேன்.

அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, கண் மங்க ஆரம்பித்தது. கண்ணின் உட்பக்கம் காய்ந்துகொண்டு வருகிறது, மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்வையின் நடுவில் புகை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். வெள்ளைத் தாளைப் பார்த்தால் கண் கூசும். கூசினால் எழுத்தெல்லாம் கரைந்து போகும்.

கண் மங்க ஆரம்பித்த இரண்டாவது வருஷம்தான் ஊரெல்லாம் புகைமூட்டம். எங்கோ காடு எரிந்த புகை கடல் தாண்டி வந்து கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கப் படுத்துக்கொண்டது. கொடியில் காயப்போட்ட துணியில் கரி வாடை அடிக்கும். எதிர்வீட்டுக் கூரை தெரியாது. எல்லோரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தடவித் தடவி நடந்தோம். அண்ணன் மட்டும் பஸ் ஸ்டாப்புக்கு நேராக நடந்து போவார்.

"இப்பத்தான் லா ஊர்ல எல்லாருக்கும் என் கண்ணு," என்பார். நான் சிரிப்பேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு தானாகவே வந்து சேர்ந்திருந்தது. 'கண்ணு தெரியலையா?' என்று நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை யாரையாவது திட்டுவேன். அது என் தாய்மொழி மாதிரி. ஆனால் அண்ணனுக்கு இப்படி ஆனபிறகு அந்த வார்த்தை வீட்டைவிட்டே போய்விட்டது. யாரும் சொல்வதில்லை. அவரும் சொல்வதில்லை. யாராவது கேட்டால் 'கண்ணாடி மாத்தணும்' என்பார்.

தலைநகரில் நம்மவர்கள் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனாலும் இதே கதைதான். அங்கே பார்வையற்றோர் சங்கம் இருக்கிற ஒரு வீதியில் நிறையப் பேர் வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு நடப்பார்கள். டக், டக் என்ற அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுப்பார்.

"அந்தப் பக்கம் வெயிலு பாப்பா."

அந்தப் பக்கம்தான் நிழலாக இருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் வெயிலில் நடப்பேன். வாயாடியான நானே வாயை மூடிக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

தடித்த புத்தகத்தின் முதுகில்

நான் அப்போது ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அங்கே கழித்துவிட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதில் விண்டோஸ் இருந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியையான அண்ணி அதில்தான் பரீட்சைக் கேள்வித்தாள் அடிப்பார்.

எழுத்தைப் பெரிசாக்கினால் அண்ணன் படிப்பார் என்று அதில் முயன்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த அளவில் ஓரளவுக்கு மேல் போகவில்லை. எழுத்து பெரிசானாலும் பின்னால் வெள்ளைதான். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு சின்னப் பெட்டி திடீரென்று வெள்ளையாகக் குதிக்கும். அண்ணன் கண்ணைப் பொத்திக்கொள்வார்.

அந்தச் சமயம் ஒரு புத்தகக் கடையில் செங்கல் கனத்துக்கு ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. பின்னட்டையில் ஒரு சிடியை உறை போட்டு ஒட்டியிருந்தார்கள். லினக்ஸ். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து, எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்களாம். திரையின் நிறம், எழுத்தின் அளவு, ஜன்னலின் ஓரம், அம்புக்குறியின் பருமன், எல்லாவற்றையும் நாமே ஒரு கோப்பில் எழுதி மாற்றலாம். யாரிடமும் போய்ப் பல்லைக் காட்ட வேண்டாம். எனக்கு அது போதும்.

அண்ணிக்குப் போதவில்லை. "என் கேள்வித்தாள் எல்லாம் போச்சுன்னா?" என்று கேட்டவர், பத்துமலை முருகன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் விட்டார். விண்டோஸை ஒரு விரல்கூடத் தொடமாட்டேன் என்று சத்தியம்.

சத்தியத்தை மீறாமல் ஒரு வழி இருந்தது. கம்ப்யூட்டரின் உள்வட்டில் ஓர் ஓரத்தை ஒதுக்கி லினக்ஸை அங்கே குடிவைத்தேன். அதைத் திறக்கும் சாவியை மட்டும் ஒரு ஃப்ளாப்பியில் வைத்தேன். ஃப்ளாப்பி போட்டுச் சுவிட்சைத் தட்டினால் அண்ணனுடைய கம்ப்யூட்டர். போடாமல் தட்டினால் அண்ணியுடையது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. மானிட்டருக்கான எண்களைத் தப்பாகக் கொடுத்தால் மானிட்டரே புகைந்துவிடலாம் என்று அந்தச் செங்கல் பயமுறுத்தியிருந்தது. அதை நான் சத்தமாகப் படித்துத் தொலைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி ஒரு வாளித் தண்ணீரோடு நிற்கிறார்.

"கரண்டு அண்ணி அது! தண்ணி ஊத்துனா நம்ம எல்லாரும் சேர்ந்து போயிருவோம்."

"ஏற்கெனவே ஊரெல்லாம் பொகை. நீ வேற வீட்டுக்குள்ள கெளப்பிராதே லா," என்றார் அண்ணி. வாளியைக் கீழே வைக்கவில்லை.

சாப்பிடாத எழுத்து

புகை வரவில்லை. ஆனால் தமிழும் வரவில்லை. அந்த அளவுக்குப் பெரிய தமிழ் எழுத்து என் கைக்குக் கிடைக்கவில்லை. அதனால் நானே வரைவதென்று முடிவெடுத்தேன்.

திரையில் ஒவ்வோர் எழுத்தும் புள்ளிகளின் கூட்டம்தான். எந்தக் கட்டத்தில் புள்ளி உண்டு, எதில் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். தொழிற்சாலை கேண்டீனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டம் போட்ட தாளை விரித்துக்கொண்டு கட்டங்களைக் கறுப்பாக்குவேன். ஒரு மலாய்த் தோழி எட்டிப் பார்த்து, பூத்தையலுக்கான மாதிரிப்படம் என்று நினைத்து, தலையணை உறைக்கு ஒன்று வரைந்து தரச் சொன்னாள். ஒரு 'ஞ' கொடுத்தேன். உண்மையாகவே தைத்தும் விட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் காட்டுவேன். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. அண்ணனுக்குக் கூசாத நிறம் எது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. எலுமிச்சை மஞ்சளுக்குத் தலையை ஆட்டவில்லை. மாம்பழ மஞ்சளுக்குத்தான் ஆட்டினார்.

மனிதருக்குக் கண் போனாலும் குற்றம் கண்டுபிடிக்கிற குணம் போகவில்லை. மூக்கு திரையில் உரச உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வார்.

"உன் 'ண' சாப்பிட்டு நாலு நாளாச்சு போல. இளைச்சுக் கெடக்கு."

"இந்த 'கு'வுக்கு வாலு எங்கே? கடிச்சுத் தின்னுட்டியா?"

"நீயே வரைஞ்சுக்க லா!" என்று தாளைத் தூக்கிப் போடுவேன். மறுநாள் மதியம் மறுபடி கேண்டீனில் 'ண'வுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பேன்.

நூற்றுச் சொச்சம் எழுத்து முடிந்த நாளில், மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினேன். திரை இன்னும் பெரிசாகி, நாலே வார்த்தை திரை முழுக்க நின்றது. அண்ணன் அந்த நாலு வார்த்தையையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு மவுஸை நகர்த்தி அடுத்த நாலு. அதற்கடுத்த நாலு. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்று கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டில் அண்ணன் படிக்கிற சத்தம் கேட்டது. நான் ஃப்ளாப்பியை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"பத்திரம்ண்ணே. உன் கண்ணு இனிமே இதுக்குள்ளதான் இருக்கு."

சொன்னது நான்தான். இந்த நாக்கு எப்போதும் இரண்டு வேலை பார்க்கும்.

வைத்த பொட்டு

இப்போது விஜயதசமிக்கு வருகிறேன். முந்தின நாள் ஆயுத பூஜை. நான் கடலைச் சுண்டலை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில் அண்ணன் தன் சிவப்புப் பேனாவுக்கும் ஃப்ளாப்பிக்கும் பொட்டு வைத்திருக்கிறார்.

"உள்ள எதுக்குண்ணே வெச்சே? கதவை எதுக்குத் தொறந்தே?" என்று கத்தினேன். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அது என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"கண்ணுதான் தெரியலையே, அப்புறம் எதுக்குத் தொட்டே?"

அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் கூனிக் குறுகிப் போகிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

அண்ணன் மெதுவாகச் சொன்னார். "என் கண்ணு இதுக்குள்ள இருக்குன்னு நீதானே பாப்பா சொன்னே. வெளிய வெச்சது சட்டைக்குப் பொட்டு வெச்ச மாதிரி இருந்துச்சு. கையில கதவு பட்டுச்சு. தொறந்து, மெத்துன்னு இருந்த எடத்துல வெச்சேன்."

நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே வேலையும் பார்த்தேன். அண்ணியின் விண்டோஸில் நுழைந்து, செங்கலின் சிடியிலிருந்து வேறொரு ஃப்ளாப்பியில் புதுச் சாவி எழுத முயன்றேன். 'கர்ர்ர்'. இன்னொரு ஃப்ளாப்பி. அதுவும் 'கர்ர்ர்'. அப்போதுதான் புரிந்தது, சந்தனம் ஃப்ளாப்பியோடு போகவில்லை. ஃப்ளாப்பியைப் படிக்கும் முனையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மணி ஒன்பது.

பெட்டியைக் கழற்றினேன். அண்ணியின் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் வந்தன. படிக்கும் முனை ஓர் உளுந்து அளவுதான். இடுக்கில், இருட்டில் இருந்தது. கண்ணீர் மறைத்ததில், குச்சி போக வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போயிற்று.

"தள்ளு," என்றார் அண்ணன். பக்கத்தில் வந்து மண்டி போட்டார். "எங்கன்னு என் வெரலைக் கொண்டு போயி வை."

அவர் சுண்டுவிரலைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தேன். ஒரு தடவைதான் தொட்டுப் பார்த்தார். பிறகு குச்சியை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு துடைத்தார். முதல் குச்சி மஞ்சளாக வந்தது. இரண்டாவது சிவப்பாக வந்தது. ஐந்தாவது வெள்ளையாகவே வந்தது.

புதுச் சாவி எழுதி, ஃப்ளாப்பியைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினேன். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து எழும்பியபோது வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

முதலாளி கொண்டுவந்த கார்டு

ராமநாதன் முதலாளி கெட்டவர் இல்லை, அண்ணன் பேனாவுக்குப் பிழைகள் தப்ப ஆரம்பித்த பிறகும் சில மாதம் பொறுத்தவர். ஆனால் முதலாளி. ஒரு கல்யாணக் கார்டை ஃப்ளாப்பியில் கொண்டுவந்திருந்தார். அச்சகத்தில் இரண்டு பேர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டது, மறுநாள் மிஷினுக்குப் போக வேண்டியது. அவர்களுடைய எழுத்தை என் எழுத்துக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். அது மட்டும் அன்றைக்கு என் மானத்தை வாங்காமல் ஓடியது.

அண்ணன் படிக்க ஆரம்பித்தார். நாலு வார்த்தை, நகர்த்து, நாலு வார்த்தை. ஒரு கார்டுக்கு இருபது நிமிஷம். அண்ணி கொடுத்த காப்பி ஆறிப்போயிற்று. முதலாளி கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார்.

"நல்லாதான் செஞ்சிருக்கு தங்கச்சி," என்றார் என்னிடம். பிறகு அண்ணனிடம், "ஆனா வேகம் இல்லியே கணேசு. நான் என்னா செய்ய?"

"வேகம் இல்லேதான் மொதலாளி," என்றார் அண்ணன், திரையிலிருந்து மூக்கை எடுக்காமல். "எழுத்தெல்லாம் சரியா இருக்கு. ஆனா ஞாயித்துக்கெழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு யாரு தாலி கட்டுவா? ராகு காலமாச்சே. விருந்து நேரத்தைத் தூக்கி முகூர்த்தத்துல போட்டுட்டாங்க போல. பொண்ணு வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுருங்க."

முதலாளி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பிறகு, "ஃபோன் எங்கே இருக்கு?" என்றார்.

பெண் வீட்டில் பேசிவிட்டு வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கார்டு ஊரெல்லாம் போயிருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பள்ளிக்கூடப் புத்தகம் உனக்கு வேணாம், அது அவசர வேலை," என்றார் கடைசியில். "கார்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் நீ பாரு. வீட்டுலருந்தே பாரு. நம்ம லோரி இந்தப் பக்கம் தினமும் வருது. ஃப்ளாப்பி கொடுத்து விடறேன்."

முழு வேலை இல்லை, பாதி. ஆனாலும் மேசை அண்ணனுடையதாகவே இருந்தது.

நிழல் விழுந்த பக்கம்

முதலாளி போனபிறகு நான் அண்ணன் பக்கம் தலை தூக்கவில்லை. மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. பழக்கமில்லை.

"பாப்பா, காலையில ஒண்ணு சொன்னியே."

"அண்ணே, நான் வேணும்னு..."

"இரு. நீ சொன்னதும் சுருக்குன்னு இருந்துச்சு. இல்லேன்னு சொல்லலே. ஆனா அதுக்கப்புறம் அந்த முனையைத் தொடைக்கிறப்ப யோசிச்சேன். ரெண்டு வருஷமா இந்த வீட்டுல எல்லாரும் சேர்ந்து ஒரு பொய்யைத் தூக்கிச் சுமக்கறோம். நான்தான் மொதல்ல எறக்கி வெக்கணும். எனக்கு வாய் வரலே. உனக்குத்தான் வாய் இருக்கே." சிரித்தார். "சனிக்கெழம லீவுதானே? என்னெ பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டிட்டுப் போ."

அந்தச் சனிக்கிழமை புகை கொஞ்சம் விலகியிருந்தது. அந்த வீதி வந்ததும், டக், டக் சத்தம் கேட்டது. பழக்கத்தில் நான் எதிர்ப்பக்கம் திரும்பினேன். அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அங்க வெயிலு பாப்பா. இந்தப் பக்கமே போவோம்."

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தட்டில் சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில் மடக்கி வைத்த வெள்ளைத் தடி ஒன்று இருந்தது. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது அண்ணன். ஃப்ளாப்பிக்கு வைத்தது நான், மேலுறையில், லேபிளுக்குப் பக்கத்தில். அந்த ஃப்ளாப்பிக்கு இன்னும் இரண்டு பிரதி எடுத்து அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் வைத்தேன்.

அண்ணன் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சட்டைக்குத்தான் வெச்சிருக்கே."